பாசியைப் பறிப்பது பாதி வேலை

மீஞ்சூர்ப் பக்கத்து மக்களுக்கு உப்புநீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கிழக்கே காட்டுப்பள்ளிக் கடல், வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர்க் கழிமுகம். மீன், இறால், நண்டு என்று உப்புநீரை நம்பியே பல தலைமுறைகள் இங்கே வாழ்ந்திருக்கின்றன. இப்போது வடசென்னையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இன்னோர் உப்புநீர் வீட்டுக் கூடத்துக்குள் வந்திருக்கிறது. கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கப்பியும் தங்கமீனும் வாங்கிப் பழகியவர்களில் சிலர் கடல்மீன் தொட்டிக்கு மாறுகிறார்கள். முதலில் கோமாளி மீன் வாங்குகிறார்கள். அதன்பின் ஆசை பவளத்தில் போய் நிற்கிறது.

பவளம் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு உலகெங்கும் முதலில் கைகொடுப்பது மென்பவளம். காளான் குடைபோல் விரிவது, விரல் விரலாகக் கிளைப்பது, பாய்போல் கல்லின் மேல் படர்ந்து பச்சை நட்சத்திரங்களாகப் பூப்பது என்று அதில் பல வகைகள் உண்டு. கல் எலும்புக்கூடு கட்டும் வன்பவளத்தைப்போல இவற்றுக்குத் தண்ணீரில் ஏராளமான கால்சியம் தேவைப்படாது. தண்ணீரில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சில மாதங்களில் ஒரு காட்சி அநேகமாக எல்லாத் தொட்டிகளிலும் வந்துவிடும். பவளம் ஒட்டியிருக்கும் கல்லில் பச்சை முடி முளைக்கும். அது மெல்ல ஏறித் தண்டைச் சுற்றும். கடைசியில் பவளம் விரியவே மறுக்கும். தொட்டிக்காரர் கையை விட்டுப் பிய்த்து எடுப்பார். இரண்டே வாரத்தில் பாசி முன்பைவிட அடர்த்தியாக நிற்கும்.

ஏன் திரும்பி வருகிறது? இந்தக் கேள்விக்கான விடை ஒரு கண்ணாடித் தொட்டிக்கு மட்டும் உரியதல்ல. மன்னார் வளைகுடாவில் வனத்துறையும் ஆய்வாளர்களும் தீவு தீவாகப் போராடுவது இதே கேள்வியோடுதான். பறிப்பது பாதி வேலை. பாசிக்கு உணவு கிடைக்கும் வழியை அடைப்பதும், அதை மேய்வதற்கு வாய்களை வைப்பதும் மீதிப் பாதி.

உள்ளே ஒரு பாசி, வெளியே ஒரு பாசி

மென்பவளம் ஒரு விலங்குக் கூட்டம். ஒவ்வொரு சிறு பாலிப்பும் வாயும் வயிறும் கொண்ட தனி உயிர். அதற்கு எட்டு உணர்கைகள்; ஒவ்வோர் உணர்கையின் இரு பக்கமும் இறகுபோல் கிளைகள். உடலைத் தாங்க உள்ளே சுண்ணாம்பால் ஆன நுண்ணிய முட்கள் மட்டும் சிதறிக் கிடக்கும். அதனால்தான் அது தோல்போல் வளைகிறது.

அதன் சதைக்குள் பழுப்பு நிற ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. சூசாந்தெல்லே என்று இவற்றைச் சொல்வார்கள். பவளம் வெளியேற்றும் கழிவிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் இவை எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுக்கின்றன. ஊட்டம் குறைந்த வெப்பக் கடலில் பவளத்திட்டுகள் செழிப்பது இந்த ஏற்பாட்டால்தான். வெளியே முளைக்கும் பாசிக்கும் வேண்டியவை அதே வெளிச்சமும் அதே நைட்ரஜன், பாஸ்பரசும்தான். தண்ணீரில் இவை அரிதாக இருக்கும்வரை, வீட்டுக்குள்ளேயே சுழற்சி வைத்திருக்கும் பவளத்துக்கு வெற்றி. தண்ணீரில் ஊட்டம் மிகுந்தால் வேகமாக வளரும் வெளிப்பாசிக்கு வெற்றி.

பவளம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. தோல் பவளம் எனப்படும் சார்கோபைட்டான் வகையைக் கவனித்தால் இது தெரியும். திடீரென்று ஒருநாள் பாலிப்புகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல் மினுங்கும். சில நாட்களில் அந்த மெழுகுப் படலம் கந்தல் கந்தலாக உரிந்து நீரோட்டத்தில் போய்விடும். அதோடு அதன்மேல் படிந்த தூசியும் முளைக்கத் தொடங்கிய பாசியும் போகும். புதியவர்கள் இதை நோய் என்று நினைத்துப் பயந்து தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். செய்ய வேண்டியது, அந்தப் பக்கம் நீரோட்டம் நன்றாகப் படும்படி பம்பைத் திருப்பி வைப்பதுதான். ஓட்டம் போதாத மூலையில் உரிந்த படலம் அங்கேயே தங்கிவிடும். பாசிக்கு அதுவே நாற்றங்காலாகிவிடும்.

வந்திருப்பது எது?

பாசி என்று ஒரே பெயரில் அழைத்தாலும் தொட்டியில் வருபவை வெவ்வேறு உயிர்கள். எது வந்திருக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால் வேலை இரட்டிக்கும்.

புதிய தொட்டியில் மணல்மேல் படியும் பழுப்புத் தூள் டயாட்டம். தண்ணீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். செக்கச்செவேலென்று வழவழப்பாகப் போர்வைபோல் படர்ந்து, குமிழி விட்டு, தொட்டால் ஏடு ஏடாகக் கிளம்புவது பாசியே இல்லை. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். இதைக் குழாய் வைத்து உறிஞ்சிவிட்டு, நீரோட்டத்தைக் கூட்டி, 3 நாட்கள் தொட்டியை இருட்டில் வைத்தால் பெருமளவு அடங்கும். அந்தச் சில நாள் இருட்டை ஆரோக்கியமான பவளம் தாங்கும்.

உண்மையான தொல்லை பச்சை வகைகளில்தான் இருக்கிறது. மெல்லிய முடிபோல் வளர்வது டெர்பீசியா. இறகுபோல் இருபுறமும் சீராகக் கிளைப்பது பிரையாப்சிஸ். கண்ணாடிக் கோலிபோல் பளபளக்கும் பச்சைக் குமிழி வலோனியா. இந்த மூன்றுக்கும் ஒரு விசித்திரமான ஒற்றுமை உண்டு. நம் உடலிலும் மரத்திலும் இருப்பதுபோல் சிறுசிறு அறைகளாகச் செல்கள் இவற்றில் பிரிந்திருப்பதில்லை. டெர்பீசியாவின் நீண்ட இழை குறுக்குச் சுவர் இல்லாத ஒரே குழாய்; உள்ளே எண்ணற்ற உட்கருக்கள். வலோனியாவின் ஒரு குமிழி முழுவதும் ஒரே செல். உலகின் மிகப் பெரிய ஒற்றைச் செல்களில் இந்தக் குடும்பத்தின் குமிழிகளும் அடங்கும்.

இப்படிப்பட்ட குழாயை அறுத்தால் உள்ளிருப்பது மொத்தமும் கசிந்து செத்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் காயத்தின் வாயில் ஓர் அடைப்பு சட்டென்று உருவாகிறது. துண்டு பிழைத்துக்கொண்டு தனிச் செடியாகிறது. பிரையாப்சிஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் இழையை நசுக்கி, உள்ளிருக்கும் கூழைக் கடல்நீரில் பிழிந்து விட்டால், சிதறிய உறுப்புகள் சிறு உருண்டைகளாகத் திரண்டு, மேலே புதிதாகச் சவ்வு கட்டி, பிறகு சுவர் எழுப்பி, முழுப் பாசியாக வளர்வதைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2001இல் விரிவாக விவரித்தார்கள். தொட்டிக்குள் கையைவிட்டுப் பிய்க்கும்போது தண்ணீரில் மிதந்து போகும் ஒவ்வொரு துணுக்கும் ஒரு நாற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தொட்டுக்கொண்டு நிற்பதே ஆபத்து

பாசி நிழல் போடுகிறது, உரசுகிறது, இடத்தைப் பிடிக்கிறது. இவை கண்ணுக்குத் தெரியும் கெடுதல்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் ஜெனிபர் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெட்டியில் பவளத்தையும் பாசியையும் அருகருகே வைத்து, நடுவில் பாக்டீரியாகூட நுழைய முடியாத நுண்வடிகட்டியைத் தடுப்பாக வைத்தார்கள். பாசி பவளத்தைத் தொடவே இல்லை. கரைந்த பொருட்கள் மட்டுமே கடந்து செல்ல முடியும். பவளம் இறந்தது. அதே பெட்டியில் ஆம்பிசிலின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தைச் சேர்த்தபோது பவளம் பிழைத்தது.

அப்படியானால் கொன்றது யார்? பாசி வெளிச்சத்தில் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரில் கசிகிறது. பவளத்தின் மேற்பரப்பில் எப்போதும் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று பெருகி, பவளத்தை ஒட்டிய தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. பவளம் மூச்சுத் திணறுகிறது. இந்தச் சோதனை வன்பவளத்தில் நடந்தது என்றாலும் தொட்டிக்காரருக்கு அதிலுள்ள பாடம் தெளிவானது. தண்டைச் சுற்றிய பாசியை உடனே எடுக்க வேண்டும். பவளத்தின்மேல் ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கணைந்த இரவில் தண்ணீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

எப்படிச் சுத்தம் செய்வது?

காளான் வடிவத் தோல் பவளம் ஒன்று கையளவு கல்லில் ஒட்டியிருக்கிறது, கல் முழுக்கப் பச்சை முடி என்று வைத்துக்கொள்வோம். முதலில் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். மென்பவளங்களோடு சேர்த்து விற்கப்படும் சோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. பாசி போகட்டும் என்று இவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டு, ஆவியை மூச்சில் இழுத்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கல்லைக் கொதிக்க வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

பம்புகளை நிறுத்திவிட்டு, தொட்டியின் தண்ணீரையே இரண்டு பிளாஸ்டிக் டப்புகளில் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை மெதுவாக முதல் டப்பில் இறக்குங்கள். பவளம் சுருங்கிக் கெட்டியாகிவிடும். அது நல்லதுதான், தண்டின் அடிப்பகுதி தெளிவாகத் தெரியும். நீளமான இடுக்கியால் பாசியின் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். கல்லோடு ஒட்டிய அடியைப் பிடித்து, மெல்லத் திருகி எடுங்கள். மேலாக அறுத்த அருகம்புல் அடுத்த மழைக்கு எப்படி எழுமோ, அடியை விட்ட பாசியும் அப்படியே எழும். கல்லின் பள்ளங்களில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். பிரஷ் பவளத்தின் சதையில் படக்கூடாது. சதையில் ஒட்டிய இழைகளை விரல் நுனியால் வருடியே எடுக்க வேண்டும். அழுத்தினால் சதை கிழியும். கிழிந்த இடம் அழுகினால் அந்த அழுகல் பவளம் முழுக்கப் பரவலாம்.

வலோனியாக் குமிழி இருந்தால் உடைக்காமல், அடியோடு நெம்பி எடுங்கள். முதிர்ந்த குமிழிக்குள் குட்டிச் செல்கள் இருக்கலாம். பிறகு இரண்டாவது டப்பில் கல்லை நன்றாக அலசி, துணுக்கு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்த பின்னரே தொட்டிக்குள் வையுங்கள். கல்லை வெளியே எடுக்க முடியாதபோது, மெல்லிய குழாயின் வாயைப் பறிக்கும் இடத்துக்கு அருகிலேயே பிடித்து, துணுக்குகளை உடனுக்குடன் பக்கெட்டுக்குள் உறிஞ்ச வேண்டும்.

பள்ளத்துக்குள் இடுக்கி போகாத இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல். அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதமாகும். தண்ணீருக்கு வெளியே எடுத்த கல்லில், பாசி இருக்கும் இடத்தில் மட்டும் துளித்துளியாக விட்டு, நுரைத்து ஓய்ந்ததும் டப்பில் அலசிவிட வேண்டும். பவளச் சதையில் படவிடாதீர்கள். இறால்களுக்கு இது ஆகாது என்பதால் தொட்டிக்குள் நேராக ஊற்றும் பழக்கம் வேண்டாம்.

பாசியைக் கொல்லத் தொட்டி முழுக்க மருந்து கலப்பவர்களும் உண்டு. பூஞ்சைக்கான மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் சில நாட்களில் பலன் காட்டலாம். ஆனால் மொத்தப் பாசியும் ஒரேயடியாகச் செத்து அழுகினால், அதுவரை அதற்குள் பூட்டியிருந்த ஊட்டம் எல்லாம் தண்ணீருக்குத் திரும்பும், ஆக்சிஜன் குறையும். ஆன்டிபயாடிக், அம்மோனியாவைச் சிதைத்துத் தொட்டியைக் காக்கும் நல்ல பாக்டீரியாவையும் தாக்கும். கையால் பறித்தால் பாசியோடு சேர்ந்து ஊட்டமும் தொட்டியைவிட்டு வெளியே போகிறது. பறிப்பதே சிறந்தது என்று சொல்வதற்கு இதுதான் முக்கியமான காரணம்.

குருசடைத் தீவில் நடந்தது

இதே பாடத்தைத் தமிழ்நாட்டுக் கடல் பெரிய அளவில் கற்றிருக்கிறது. காப்பாபைகஸ் அல்வரேசி என்னும் கடற்பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலுக்கு உரியது. ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் கராஜீனன் என்ற பொருளுக்காக உலகெங்கும் பயிரிடப்படுகிறது. 1990களின் நடுவில் மண்டபம் கடற்கரைக்கு வந்தது. மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் இந்தத் தொழிலில் ராமநாதபுரம் மாவட்டத்து மீனவப் பெண்கள் பலர் இறங்கினார்கள். அவர்களுக்கு நல்ல வருமானமும் கிடைத்தது. தொழிலில் ஈடுபட்ட நிறுவனத்தின் பெயரால் ஊரார் இதைப் பெப்சி பாசி என்றே அழைக்கிறார்கள்.

2005இல் தமிழ்நாடு அரசு, இந்தப் பாசியைப் பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே பயிரிடலாம் என்று எல்லை வகுத்தது. நடுவிலுள்ள மன்னார் வளைகுடா, 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா. ஆனால் பாசியின் துணுக்குக்கு எல்லை தெரியாது. 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் மதுரை ஆய்வாளர்கள், குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் காப்பாபைகஸ் ஏறிப் படர்ந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். தடித்த மெத்தைபோல் மூடிய பாசிக்குக் கீழே, வெளிச்சம் இல்லாமல் பவளம் செத்தது. பக்கத்துத் தீவான சிங்கிலிலும் பின்னர் இது காணப்பட்டது.

வனத்துறையினர் கையால் பறித்து அகற்றும் பணியில் இறங்கினார்கள். கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா பவளத்தின் இடுக்குகளில் சிக்கிய சிறு துணுக்கை இழுத்தால் பவளக் கிளை ஒடிகிறது. விட்டால் பாசி மீண்டும் முளைக்கிறது. அதனால் ஒருமுறை பறித்துவிட்டு வந்துவிட முடிவதில்லை. திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது.

இதே பாசியை 1970களில் ஆய்வுக்காக வரவழைத்த ஹவாய்த் தீவுகளின் கனேயோகே விரிகுடாவிலும் இதே கதை நடந்தது. அங்கே முக்குளிப்பவர்கள் பாசியைக் கையால் பிடுங்கி, படகிலிருந்து இறங்கும் ராட்சத உறிஞ்சுகுழாயின் வாயில் ஊட்டினார்கள். துணுக்கு எதுவும் சிதறாமல் மேலே போனது. ஆனாலும் பாசி திரும்பி முளைத்தது. 2011 முதல், பண்ணையில் வளர்த்த உள்ளூர்க் கடல் முள்ளெலிகளைச் சுத்தம் செய்த திட்டுகளில் விடத் தொடங்கினார்கள். இதுவரை லட்சக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். மனிதர் பறித்த இடத்தில் முளைக்கும் குருத்தை முள்ளெலி மேய்ந்துவிடுகிறது. உறிஞ்சுகுழாயும் மேயும் வாயும் சேர்ந்த பிறகே அங்கே பலன் நிலைத்தது.

தண்ணீரில் என்ன இருக்கிறது?

தொட்டிக்குத் திரும்புவோம். பாசிக்கு உணவு எங்கிருந்து வருகிறது? முதல் வழி, நாம் ஊற்றும் தண்ணீர். மீஞ்சூர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் பல ஆண்டுகள் தண்ணீர் கொடுத்த மீஞ்சூர் நிலத்தடி ஊற்றில், உறிஞ்சல் மிகுந்ததால் கடல்நீர் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்புகள் மிகுதி. வயலையும் கழிவுநீரையும் ஒட்டிய இடங்களில் நைட்ரேட்டும் கலந்திருக்கலாம். அந்தத் தண்ணீரில் கடலுப்புப் பொடியைக் கரைத்தால் பாசிக்கு முதல் நாளிலிருந்தே விருந்துதான்.

தீர்வும் பக்கத்திலேயே இருக்கிறது. காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், சவ்வின் வழியே தண்ணீரை அழுத்திப் பிழிந்து உப்பை நீக்குகிறது. வீட்டு ஆர்.ஓ. கருவி செய்வதும் அதே வேலையைத்தான். பவளத் தொட்டிக்கு அதையும் தாண்டி, மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடிக்கும் பிசின் வடிகட்டி ஒன்று வேண்டும். டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரே சரி. குடிப்பதற்கான ஆர்.ஓ. கருவிகளில் சுவைக்காகத் தாது சேர்க்கும் பகுதி இருந்தால் அதற்கு முன்பே தண்ணீரைப் பிடிக்க வேண்டும்.

கடல் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது கேன் கொண்டுபோய்க் கடல்நீரே எடுத்து வந்தால் என்ன என்று தோன்றும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொசஸ்தலை, ஆரணி ஆறுகளின் வெள்ளம் இந்தக் கரையின் உப்பைக் குறைத்து, ஊரின் ஊட்டத்தையும் கொண்டுவந்து கொட்டும். பழவேற்காடு ஏரி மழையில் கிட்டத்தட்ட நன்னீராகவும், கோடையில் கடலைவிட உப்பாகவும் மாறும் இயல்புள்ளது. மடவைக்கும் இறாலுக்கும் அந்த ஏற்ற இறக்கம் பழகியது. லிட்டருக்கு 35 கிராம் உப்பைச் சுற்றியே வாழும் பவளத்துக்கு அது தாங்காது.

இரண்டாவது வழி, மீனுக்குப் போடும் தீனி. உறைந்த இறாலை உருக்கிய தண்ணீரோடு அப்படியே ஊற்றுவது பாஸ்பேட்டை ஊற்றுவதற்குச் சமம். வடிகட்டி அலசிப் போட வேண்டும். சில நிமிடங்களில் மீன் தின்று முடிக்கும் அளவே போதும். வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவதும், புரத நுரையைப் பிரிக்கும் ஸ்கிம்மரும், பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடுத் துகளும் மிச்சத்தைக் குறைக்கும். வசதி இருந்தால் கீழ்த்தொட்டியில் விளக்குப் போட்டு, நம் கடலின் கஞ்சிப்பாசியையே வளர்க்கலாம். மேல்தொட்டியின் ஊட்டத்தை அது உறிஞ்சி வளரும். அதை அறுத்து எடுக்கும்போது ஊட்டமும் வெளியேறிவிடும்.

ஊட்டத்தைப் பூஜ்யமாக்கிவிடலாமே என்று எண்ண வேண்டாம். கடல் மிதவை உயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அணு விகிதம் சராசரியாக 106:16:1 என்று ஆல்பிரட் ரெட்பீல்டு கண்டது இன்றும் கடலியலின் அடிப்படை. இந்தச் சமநிலை கெட்டு, நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் வற்றிப்போனால் பவளத்துக்குள் இருக்கும் பாசி நலிந்து, வெப்பத்தில் எளிதில் வெளுக்கிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். லிட்டருக்கு நைட்ரேட் சில மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற அளவில் நிறுத்தினால் மென்பவளம் நன்றாக இருக்கும். டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டியும் கல் முழுக்கப் பாசி இருந்தால் ஏமாறாதீர்கள். கரைந்து வந்த ஊட்டத்தைப் பாசியே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

மேயும் வாய்கள்

ஒரு பவளத்திட்டில் மேய்ச்சல் நின்றால் என்ன ஆகும் என்பதை ஜமைக்கா காட்டியது. அங்கே பாசி தின்னும் மீன்கள் ஏற்கெனவே பிடித்துத் தீர்க்கப்பட்டிருந்தன. மேய்ச்சல் முழுவதும் நீள்முள் கொண்ட டயடேமா முள்ளெலியின் தலையில் இருந்தது. 1983இல் ஒரு கொள்ளை நோய் கரீபியக் கடல் முழுக்க அந்த முள்ளெலிகளை அழித்தது. 1970களின் இறுதியில் சுமார் 52 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் 3 சதவீதமாகச் சுருங்கியது. பாசி 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாகப் பெருகியது. 1980இல் அடித்த பெரும்புயலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் புயலுக்குப் பின் பவளம் மீண்டு எழ முடியாமல் போனதற்குப் பாசியே காரணம்.

வீட்டுத் தொட்டியில் இந்த வேலையை டர்போ, டிரோக்கஸ் நத்தைகளும் சிறு துறவி நண்டுகளும் செய்யும். முளைத்து நீண்ட முடியை நத்தை தின்பதில்லை, புதுக்குருத்தைத்தான் சுரண்டும். எனவே முதலில் நாம் பறிக்க வேண்டும், பிறகு நத்தையை விட வேண்டும். நம் கடலில் வலையில் சிக்கும் ஓரா மீனின் உறவினங்கள் தொட்டிகளில் நல்ல பாசிமேய்ப்பாளர்கள். ஆனால் அவை கையளவைத் தாண்டி வளரும். முதுகுத் துடுப்பில் விஷமுள் உண்டு. பல நூறு லிட்டர் தொட்டி இல்லாதவர்கள் ஓராவை ஆசைப்பட்டு வாங்கக் கூடாது.

சுத்தம் செய்யட்டும் என்று கடல் அட்டையை வாங்கிவிடும் எண்ணமும் வேண்டாம். வன்பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உயர் பாதுகாப்பில் இருக்கின்றன. இறந்த பவளக் கல்லும் இதில் அடக்கம். மென்பவளமானாலும், பண்ணையில் துண்டு வைத்து வளர்த்தது என்பதற்கான சான்று உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும். கடலிலிருந்து பெயர்த்து வந்ததை வாங்கி வீட்டில் பாசி நீக்குவதில் எந்தப் பெருமையும் இல்லை.

பறித்ததை எங்கே போடுவது?

தொட்டியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் கேள்வி இது. பழவேற்காட்டுக் கரையில் வாழ்பவர்களுக்கோ இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, கடலடியில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் காலர்பா டாக்ஸிபோலியா என்ற பச்சைப் பாசி காணப்பட்டது. மீன்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட வகை அது என்பதை மரபணு ஆய்வு பின்னர் உறுதி செய்தது. இருபது ஆண்டுகளுக்குள் மத்தியதரைக் கடலில் பல நாடுகளின் கரைகளை அது பிடித்துக்கொண்டது. அங்கே அழிப்பது இனி முடியாத காரியம்.

2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகரத்தையொட்டிய ஒரு காயலில் அதே பாசி தென்பட்டது. இம்முறை யாரும் காத்திருக்கவில்லை. பாசித் திட்டுகளைத் தார்ப்பாயால் மூடி, விளிம்பை மணல் மூட்டையால் அடைத்து, உள்ளே குளோரினைச் செலுத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் முக்குளித்துத் தேடினார்கள். 2006இல்தான் முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது. செலவு 70 லட்சம் டாலரைத் தாண்டியது. யாரோ ஒருவர் தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் கொட்டியதே தொடக்கமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

பழவேற்காடும் அப்படியொரு காயல். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முகத்துவாரம் வழியாகக் கடலோடும், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூரோடும் இணைந்தது. பாடு என்னும் முறைப்படி, எந்தக் குடும்பம் எந்த இடத்தில் என்றைக்கு வலை இடுவது என்று பங்கிட்டுக்கொண்டு மீனவர்கள் வாழும் நீர்ப்பரப்பு. அதன் ஆழம் குறைந்த, ஊட்டம் மிகுந்த, வெதுவெதுப்பான நீர் அயல்நாட்டுப் பாசி ஒன்று வேரூன்றத் தோதானது. அங்கே தார்ப்பாய் விரிக்கவும் குளோரின் செலுத்தவும் யாரால் முடியும்? விரித்தால் இறால் என்னாவது, மடவை என்னாவது?

ஆகவே பறித்த பாசியை வாய்க்காலிலோ கால்வாயிலோ ஏரியிலோ போடாதீர்கள். மொட்டை மாடியில் தாளில் பரப்பி, மொறுமொறுவென்று காயும்வரை வெயிலில் வைத்து, பிறகு குப்பையில் சேருங்கள். அலசிய டப்புத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒருநாள் வைத்த பின்னரே வீட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள். வேண்டாத பவளத் துண்டையும் நத்தையையும் மீனையும் வளர்க்கத் தெரிந்த இன்னொருவருக்குக் கொடுங்கள். கடலில் விடுவது இரக்கம் ஆகாது. பவளத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து அதன் நலத்துக்காக இத்தனை பாடுபடுகிறவர்கள், தொட்டியிலிருந்து வெளியே போகும் ஒரு பக்கெட் தண்ணீரிலும் அதே அக்கறை வைக்க வேண்டும். தொட்டி கெட்டுப்போனால் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். ஏரிக்கு அப்படியொரு வாய்ப்புக் கிடையாது.